லாகின் ஐ.டி. கொடுத்தா காலேஜ் ஆன்லைன் ஆயிடுமா?

குத்துவிளக்கு ஏற்றியாச்சு. செமினார் ஹாலில் பேனர் கட்டியாச்சு. கரஸ்பாண்டென்ட் ரிப்பன் வெட்ட, பிரின்சிபால் மவுஸைப் பிடித்து ஒரு கிளிக் பண்ண, ஸ்கிரீனில் உங்க காலேஜ் லோகோவோடு ‘வெல்கம்’ என்று வந்தாச்சு. கைதட்டல். சமோசா, டீ. மறுநாள் கிளாஸில் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு. அதில் உங்க ரெஜிஸ்டர் நம்பர்தான் யூசர்நேம், பிறந்த தேதிதான் பாஸ்வேர்டு.

ரெண்டு மாசம் கழிச்சு அதே ஆன்லைன் சிஸ்டத்துக்குள் போய்ப் பாருங்க. மூணு பேப்பரில் சிலபஸ் பி.டி.எஃப். மட்டும் கிடக்கும். ஒரு பேப்பரில் 2 மார்க் கேள்வி-பதில். மீதி எல்லாம் காலி. நோட்ஸ் வழக்கம்போல வாட்ஸ்அப் குரூப்பில் வரும், இன்டர்னல் மார்க் நோட்டீஸ் போர்டில் வரும்.

‘எங்க காலேஜைத்தான் சொல்றீங்க’ என்று சிரிக்கிறீங்களா? எல்லா ஊரிலும் இதே சிரிப்புதான் பாஸ். இதைவிடப் பெரிய இடங்களிலும் இதேதான் நடந்திருக்கு. கோடிக்கணக்கில் பணம் போட்டு, அரசாங்கமே முன்னால் நின்று செய்தும் கவிழ்ந்திருக்கு. சாஃப்ட்வேர் மோசம் என்பதல்ல காரணம். அது ஒரு ப்ராஜெக்ட் என்பதையே மறந்துவிட்டு, ஒரு பொருள் வாங்குகிற மாதிரி வாங்கியதுதான் காரணம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. பெர்ட், சி.பி.எம்., கிரிட்டிக்கல் பாத் என்று 16 மார்க் கணக்கு போட்டுப் பாஸ் பண்ணின நீங்களும், அதை நடத்தின சாரும் அதே கட்டடத்தில்தான் இருக்கீங்க. பரிட்சை பேப்பரைத் தாண்டி அந்தக் கணக்கு வெளியே வரவே மாட்டேங்குது!

5 கோடி பவுண்டு... 900 பேர்!

முதலில் இங்கிலாந்து கதை. 2000-ம் வருஷம் பிப்ரவரியில், அப்போதைய கல்வி அமைச்சர் டேவிட் பிளங்கெட் ஒரு அறிவிப்பு வெளியிட்டார். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் எல்லாம் சேர்ந்து உலகத்துக்கே ஆன்லைனில் பாடம் நடத்தப் போகின்றன, அதற்கென்று ஒரு இ-யூனிவர்சிட்டி வரப்போகிறது என்றார். டாட்காம் காய்ச்சல் உச்சத்தில் இருந்த நேரம் அது. இன்டர்நெட் என்று சொன்னாலே பணம் கொட்டும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அரசு 6 கோடியே 20 லட்சம் பவுண்டு ஒதுக்கியது.

அந்தக் கம்பெனி முதலில் என்ன செய்தது தெரியுமா? தனக்கென்று ஒரு பிரமாண்டமான சாஃப்ட்வேர் மேடையைக் கட்ட ஆரம்பித்தது. கூட்டாளி சன் மைக்ரோசிஸ்டம்ஸ். கட்டினார்கள், கட்டினார்கள், கட்டிக்கொண்டே இருந்தார்கள். முழு வீச்சில் மாணவர்களைச் சேர்க்கக் கடை திறந்தபோது 2003 செப்டம்பர். அதற்குள் டாட்காம் பலூன் வெடித்து, மூட்டை கட்டிக்கொண்டு போயாச்சு. தோள் கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்த தனியார் முதலீட்டாளர்கள் வரவில்லை.

இலக்கு 5,600 மாணவர்கள். சேர்ந்தவர்கள் சுமார் 900 பேர். 2004-ல் இழுத்து மூட முடிவு செய்தார்கள். அதுவரை செலவானது சுமார் 5 கோடி பவுண்டு. வகுத்துப் பாருங்க. ஒரு மாணவருக்கு 50 ஆயிரம் பவுண்டுக்கும் மேலே! அந்தக் காசில் ஒவ்வொருத்தரையும் லண்டனுக்கே கூட்டி வந்து ஹாஸ்டலில் தங்க வைத்துப் படிக்க வைத்திருக்கலாம்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கமிட்டி 2005-ல் இதைத் தோண்டித் துருவி ஒரு அறிக்கை கொடுத்தது. அதன் சாரம் ரொம்ப எளிமையானது. ‘எங்ககிட்ட இது இருக்கு, வாங்கிக்கோங்க’ என்ற நினைப்பில் எல்லாம் நடந்திருக்கிறது. ‘யாருக்கு வேணும், எதுக்கு வேணும்’ என்று முறையாக விசாரிக்கவே இல்லை. கேன்டீனில் யாருக்கும் எதுவும் கேட்காமல் 500 பேருக்குப் பாகற்காய்ப் பொரியல் செய்து வைத்த மாதிரி.

ப்ராஜெக்ட் பாடத்தில் ‘ரிக்வயர்மென்ட்ஸ்’ என்று முதல் சாப்டரில் போர் அடிக்குமே, நாம் பக்கத்தைப் புரட்டிவிட்டு ஓடுவோமே, அந்தச் சாப்டரின் விலைதான் இந்த 5 கோடி பவுண்டு.

ரேடியோவில் படித்த பையன்

அதே இங்கிலாந்தில், அந்தக் கடை மூடின அடுத்த வருஷமே இன்னொரு காட்சி. 2005 நவம்பரில் அங்குள்ள ஓப்பன் யூனிவர்சிட்டி தனது ஆன்லைன் கற்றல் முறைக்கு ஒரு சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுத்தது. அது யாரும் புதுசாகக் கட்டியதில்லை. இலவசமாகக் கிடைப்பது. பெயர் மூடுல்.

லட்சக்கணக்கான மாணவர்கள் தொலைதூரத்தில் இருந்து படிக்கிற பல்கலைக்கழகம், ஓசியில் கிடைக்கிற ஒரு சாஃப்ட்வேரை எப்படி நம்பியது? ஏற்கெனவே அவர்களுக்குத் தங்கள் மாணவர் யார், எப்போது படிக்கிறார், எங்கே திணறுகிறார் என்று 1971-ல் முதல் பேட்ச் சேர்ந்த நாளில் இருந்தே தெரியும். முதலில் டி.வி., ரேடியோ, தபால் என்று நடத்திப் பழகினவர்கள். தேவை என்னவென்று கையில் பட்டியல் இருந்ததால், அதற்குப் பொருந்துகிற சட்டையை எடுத்து, தேவையான இடத்தில் மட்டும் பிடித்துத் தைத்தார்கள்.

மூடுலை உருவாக்கியவர் கதையையும் கேளுங்க. பெயர் மார்ட்டின் டூகியாமஸ். ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாலைவனப் பகுதியில் வளர்ந்த பையன். பக்கத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. அந்த நாட்டில் ‘வானொலிப் பள்ளி’ என்று ஒன்று உண்டு. ஷார்ட்வேவ் ரேடியோவில் டீச்சர் பேசுவார், பிள்ளைகள் வீட்டில் இருந்தே பதில் சொல்லுவார்கள். அப்படிப் படித்தவர் பிற்பாடு பெர்த் நகரில் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். அங்கே இருந்த ‘வெப்-சி.டி.’ என்ற விலை கொடுத்து வாங்கிய சிஸ்டத்தைப் பராமரிப்பதுதான் அவர் வேலை. ஆசிரியர்கள் அதோடு படும் பாட்டைத் தினமும் பக்கத்தில் இருந்து பார்த்தவர். அந்தப் பாட்டில் இருந்து பிறந்ததுதான் மூடுல். முதல் முழுப் பதிப்பு 2002 ஆகஸ்டில் வெளியானது.

தூரத்தில் தனியாக உட்கார்ந்து படிக்கிறவனின் கஷ்டம் தெரிந்தவர், பாடம் நடத்துகிற சாரின் கஷ்டமும் தெரிந்தவர். மூடுல் நின்றதற்கு இந்த ரெண்டும்தான் அஸ்திவாரம் என்பது நம்ம கணிப்பு.

கம்ப்யூட்டரே இல்லாத ஆன்லைன் மாணவர்கள்

அடுத்து அமெரிக்கா. இது இன்னும் கொஞ்சம் வலிக்கிற கதை.

2013 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகமும் யுடாசிட்டி என்ற கம்பெனியும் கை கோத்தன. மாநில கவர்னர் ஜெர்ரி பிரவுனே நேரில் வந்து மைக் பிடித்தார். அடிப்படைக் கணிதம், அல்ஜீப்ரா, புள்ளியியல் என மூணு பேப்பர். ஒரு பேப்பருக்கு 150 டாலர்தான் கட்டணம். கணக்கில் பின்தங்கி, அரியர் வைத்து, காலேஜில் நுழைய முடியாமல் தவிக்கிற பிள்ளைகளுக்கு இது வரப்பிரசாதம் என்றார்கள்.

எண்ணம் நல்ல எண்ணம்தாங்க. ஆனால் அறிவித்த அதே மாதத்தில் வகுப்பு ஆரம்பம்! பாடங்களைப் பேராசிரியர்கள் ஓடிக்கொண்டே தயார் செய்தார்கள். இந்த வாரம் மாணவர் பார்க்க வேண்டியதைப் போன வாரம்தான் முடிக்கிற நிலைமை. சேர்ந்தவர்களில் ஒரு பகுதி ஓக்லாந்து நகரத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் படித்த ஏழைப் பிள்ளைகள். சில வாரங்கள் போன பிறகுதான் ஒரு உண்மை தெரிய வந்தது. அவர்களில் பலருக்கு வீட்டில் கம்ப்யூட்டரே இல்லை. ஒழுங்கான இன்டர்நெட்டும் இல்லை.

ஆன்லைன் கோர்ஸ் ஆரம்பித்துச் சில வாரம் கழித்து இதைக் கண்டுபிடிக்கிறார்கள். சேர்க்கைப் படிவத்தில் ‘வீட்டில் கம்ப்யூட்டர் உண்டா’ என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் முடிந்திருக்கும்.

ரிசல்ட் வந்தது. கேம்பஸில் நேரடியாகப் படித்தவர்களைவிட மூணு பேப்பரிலும் தேர்ச்சி வெகுவாகக் குறைந்திருந்தது. ஜூலையில் திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். அதே வருஷம் கோடை காலத்தில் நடந்த வகுப்பில் தேர்ச்சி கிடுகிடுவென்று ஏறியது. ஆஹா, திருந்திவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிடாதீங்க. கோடையில் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கும் மேல் ஏற்கெனவே டிகிரி வாங்கியவர்கள்! யாருக்காக ஆரம்பித்தார்களோ அவர்கள் அந்தக் கூட்டத்தில் அதிகம் இல்லை. ஒரு சதவீதக் கணக்கைக் காட்டி யாராவது ‘வெற்றி’ என்றால், அதற்குக் கீழே யார் யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க வேண்டியது இதனால்தான்.

இதே சான் ஹோசேயில் 2012-ல் இன்னொரு முயற்சி நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. எலெக்ட்ரானிக்ஸ் சர்க்யூட்ஸ் பேப்பர். எம்.ஐ.டி.யின் வீடியோ பாடத்தை மாணவர்கள் வீட்டில் பார்த்துவிட்டு வருவார்கள். கிளாஸில் அவர்களுடைய சொந்தப் பேராசிரியர் கூடவே நின்று கணக்குப் போட வைப்பார். முன்பு 60 சதவீதத்துக்குக் கீழே இருந்த தேர்ச்சி 90-ஐத் தாண்டியது. அதே ஊர், அதே காலேஜ்! ஒன்றில் மாணவனுக்குப் பக்கத்தில் ஒரு மனுஷன் இருந்தார், நேரமும் இருந்தது.

சரி, நம்ம ஊர்?

2020 மார்ச்சில் காலேஜ் எல்லாம் மூடினபோது எப்படி ஒரே வாரத்தில் ஆன்லைனுக்குத் தாவினோம் என்பது உங்க அண்ணன், அக்காக்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். மொட்டை மாடியில் சிக்னல் தேடினது, ஒரு போனை அண்ணனும் தங்கச்சியும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டது, மியூட் போடாமல் வீட்டுச் சண்டை வகுப்புக்கே கேட்டது. அவசரத்துக்குச் செய்தது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தமிழக அரசு சுமார் 9 லட்சத்து 69 ஆயிரம் கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜி.பி. டேட்டா கார்டு இலவசமாகத் தருவதாக அறிவித்தது 2021 ஜனவரியில். கதவு மூடிப் பத்து மாசம் கழித்து! நல்ல திட்டம்தான். டேட்டா இல்லாமல் அந்தப் பத்து மாசத்தில் அரியர் விழுந்தவனிடம் கேட்டால்தான் ‘ஷெட்யூல்’ என்ற வார்த்தைக்கு அர்த்தம் புரியும்.

நிதானமாக வளர்ந்ததற்கும் நம்மிடமே உதாரணம் இருக்கு. என்.பி.டெல். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து 2003-ல் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.க்கு இதில் பெரிய பங்கு. முதலில் வெறும் வீடியோ, வெப் பாடங்கள். பார்க்கிறவன் பார்க்கலாம், அவ்வளவுதான். சர்டிஃபிகேட் எல்லாம் 2014-ல்தான் வந்தது. வாராவாரம் அசைன்மென்ட், கடைசியில் நேரில் போய் எழுதுகிற பரிட்சை. படிப்பது இலவசம், பரிட்சைக்கு மட்டும் கட்டணம். 2017-ல் மத்திய அரசின் ஸ்வயம் தளம் வந்தபோது இதுவும் அதில் சேர்ந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது வீடியோவை அல்ல. ‘லோக்கல் சாப்டர்’ என்ற ஏற்பாட்டை. ஒவ்வொரு காலேஜிலும் ஒரு பேராசிரியரைப் பொறுப்பாளராக வைக்கிறார்கள். எந்தக் கோர்ஸை எடுக்கலாம், கடைசித் தேதி எப்போது, யார் அசைன்மென்ட் போடாமல் ஓபி அடிக்கிறார்கள் என்று கேட்க, பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஒரு ஆள். ஐ.ஐ.டி. பேராசிரியருக்கு உங்களைத் தெரியாது, ஆனால் அந்த சாருக்கு உங்க முகம் தெரியும். பொறுப்பு ஒரு பெயர் மேல் எழுதப்பட வேண்டும் என்பது ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்டில் அரிச்சுவடி. ‘கமிட்டி பார்த்துக்கும்’ என்றால் யாரும் பார்க்கப் போவதில்லை.

சிம்போசியம் நடத்தினீங்கள்ல?

‘இதெல்லாம் மேனேஜ்மென்ட் பிரச்னை, எங்களுக்கென்ன’ என்று நழுவாதீங்க. சிம்போசியம் நடத்தினவங்கதானே நீங்க? ஸ்பான்ஸர் பிடித்தீங்க, போஸ்டர் ஒட்டினீங்க, சீஃப் கெஸ்ட்டுக்குக் கார் ஏற்பாடு செய்தீங்க, மதியச் சாப்பாடு 300 பேருக்குச் சொல்லிவிட்டு 340 பேர் வந்தபோது சமாளிச்சீங்க. அதுக்குப் பேர்தான் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட். கோட்டு சூட்டு போட்டவர்கள் அதையே ‘ஸ்கோப்’, ‘ரிசோர்ஸ்’, ‘ரிஸ்க்’ என்று சொல்கிறார்கள்.

உங்க டிபார்ட்மென்ட்டில் மூடுல் மாதிரி ஒரு சிஸ்டம் கொண்டு வரப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லா டிபார்ட்மென்ட், எல்லா பேப்பர், எல்லா வருஷமும் ஒரே நாளில் என்றால் அங்கேயே சறுக்கல். ரெண்டாம் வருஷத்தில் ரெண்டே பேப்பர் எடுங்க. விருப்பமாக முன்வருகிற ரெண்டு ஆசிரியர்கள், ஒரு செக்‌ஷன். இதுதான் பைலட்.

இப்ப அந்த 16 மார்க் கணக்கைப் போடலாம் வாங்க. பேனா எடுங்க.

பேப்பரையும் ஆசிரியரையும் முடிவு பண்ண 1 வாரம். அந்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி 2 வாரம். அது முடிந்தபின் பாடம் தயாரித்து ஏற்ற 6 வாரம். பயிற்சி முடிந்த கையோடு இணையாகக் குவிஸ் கேள்விகள் எழுத 3 வாரம். இன்னொரு பக்கம், ஆபீஸில் இருந்து மாணவர் பட்டியல் வாங்க 3 வாரம் (ஆமாம், 3 வாரம்தான், சிரிக்காதீங்க), பிறகு சர்வர் போட்டு எல்லோருக்கும் யூசர்நேம் ஏற்ற 1 வாரம். எல்லாம் சேர்ந்தபின் ஒரு செக்‌ஷனில் சோதனை ஓட்டம் 2 வாரம், தப்புகளைத் திருத்த 1 வாரம்.

கூட்டுங்க. பாடம் தயாரிக்கிற வழி 1+2+6, ஆக 9 வாரம். குவிஸ் வழி 1+2+3, அதாவது 6 வாரம். சர்வர் வழி 3+1, வெறும் 4 வாரம். சோதனையும் திருத்தமும் 3 வாரம் சேர்த்தால் மொத்தம் 12 வாரம். கிரிட்டிக்கல் பாத் எது? பாடம் தயாரிப்பதுதான்! சர்வர் 5 வாரம் லேட்டானாலும் திறப்பு விழாத் தேதி நகராது. குவிஸ் 3 வாரம் தாமதிக்கலாம். ஆனால் சார் ஒரு வாரம் பாடம் ஏற்றாவிட்டால், மொத்தமும் ஒரு வாரம் தள்ளிப்போகும்.

இப்ப உங்க காலேஜ் மீட்டிங்கை நினைச்சுப் பாருங்க. முக்கால்வாசி நேரம் சர்வர் என்ன கான்ஃபிகரேஷன், எந்தக் கம்பெனி கொட்டேஷன் கம்மி என்றுதான் பேச்சு ஓடும். பாடம் எழுத வேண்டிய ஆசிரியருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்குவது என்ற கேள்வியே எழாது. உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி நேர வகுப்பு என்பது யு.ஜி.சி. கணக்கு. பல தனியார் கல்லூரிகளில் அதற்கு மேலும் ஓடுகிறது. அதோடு பேப்பர் திருத்தம், ஃபைல் வேலை, அட்மிஷன் கேன்வாஸிங். இதற்கு நடுவில் ‘ஆன்லைன்லயும் ஏத்திடுங்க மேடம்’ என்றால் மேடம் என்ன செய்வார்? பழைய சிலபஸ் பி.டி.எஃப்.பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போவார். அவரைச் சோம்பேறி என்று சொல்வது சுத்த அநியாயம். வாரத்துக்கு ரெண்டு வகுப்பை வேறு யாரிடமாவது மாற்றிக் கொடுத்துப் பாருங்க, அதே மேடம் கலக்கிடுவார்.

அடுத்தது, யார் யாருக்கெல்லாம் இது சம்பந்தம் என்ற பட்டியல். மாணவர், ஆசிரியர் என்று ரெண்டோடு நிறுத்தாதீங்க. இன்டர்னல் மார்க்கைக் கடைசியில் ஏற்றுகிற எக்ஸாம் செல்லைச் சேருங்க. குவிஸ் மார்க்கை அவர்கள் ஏற்றுக்கொள்ளாவிட்டால் ஒரு பய குவிஸ் எழுத மாட்டான். சாயங்காலம் 5 மணிக்கு லேபைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிற லேப் அசிஸ்டென்ட் அண்ணனைச் சேருங்க. அவர் 7 மணி வரை இருந்தால்தான் வீட்டில் சிஸ்டம் இல்லாதவன் உட்கார முடியும். ஆனா அவருக்கு 6 மணிக்கு மேல பஸ் உண்டா, கூடுதல் சம்பளம் உண்டா? இதுவும் உங்க ப்ராஜெக்ட் ஃபைலில் ஒரு வரி.

ரிஸ்க் என்ற பக்கத்தில் பயங்கரமாக எதுவும் எழுத வேண்டாம். நடக்கக்கூடியதை எழுதுங்க. இன்டர்னல் டெஸ்ட் அன்று காலை 10 மணிக்கு 600 பேர் ஒரே நேரத்தில் லாகின் பண்ணினால் சர்வர் படுத்துவிடும். மூணு பேட்சாகப் பிரித்தால் தீர்ந்தது. கரண்ட் போகும். பாடத்தை ஏற்றிய சார் நடு செமஸ்டரில் வேற காலேஜுக்கு மாறிப் போவார், பாஸ்வேர்டும் அவரோடு போகும். அதனால் ஒவ்வொரு பேப்பருக்கும் ரெண்டு பேர் பெயர் இருக்கட்டும். கிராமத்தில் சிக்னல் இருக்காது. மூடுலின் மொபைல் ஆப்பில் பாடத்தைக் காலேஜ் வை-ஃபையில் இறக்கிக்கொண்டு, வீட்டில் நெட் இல்லாமலே படிக்கலாம். ஆசிரியர் அனுமதித்தால் குவிஸ்கூட ஆஃப்லைனில் எழுதிவிட்டு மறுநாள் அனுப்பலாம். இந்த வசதி இருப்பது பல காலேஜ்களில் யாருக்கும் தெரியாமலே கிடக்கிறது. வெளி இன்டர்நெட்டே இல்லாமல் கேம்பஸ் நெட்வொர்க்குக்குள் மட்டும் மூடுலை ஓட்டவும் முடியும்.

யார் வரலைன்னு பாருங்க

சோதனை ஓட்டம் முடிந்ததும் ஒரு ரிப்போர்ட் போகும். ‘இதுவரை 4,000 லாகின்!’ என்று பெரிய எழுத்தில். அந்த எண்ணை நம்பாதீங்க. மார்க் பார்க்க ஒரே ஆள் ஒரே நாளில் பத்து தடவை லாகின் பண்ணியிருப்பான். மூடுலில் ஒவ்வொருவரும் எதைத் திறந்தார், எப்போது திறந்தார் என்ற பதிவு இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். ரெண்டு வாரமாக ஒருமுறைகூட உள்ளே வராதவர்கள் யார்?

அந்தப் பட்டியலில் 60 பேரில் 9 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்க. உடனே ‘அபராதம் போடு’ என்பார் ஒருவர். கொஞ்சம் பொறுங்க சார்! மூணு பேர் காலை 6 மணி பஸ் பிடித்து ராத்திரி 8 மணிக்கு வீடு சேர்கிற டே ஸ்காலர். ரெண்டு பேருக்குப் போன் அப்பாவோடது, அவர் வேலைக்குக் கொண்டு போய்விடுவார். ஒருத்திக்கு ஸ்மார்ட்போன் வீட்டில் கொடுக்க மாட்டார்கள். ஒருவனுக்கு இங்கிலீஷ் மீடியம் பாடம் புரியவில்லை, கேட்க வெட்கம். மீதி ரெண்டு பேர் உண்மையிலேயே ஓபி. ஒன்பது பேருக்கும் ஒரே மருந்து கிடையாது. சான் ஹோசேயில் சில வாரம் கழித்துத் தெரிந்தது, உங்க கிளாஸில் முதல் வாரமே தெரிய வாய்ப்பிருக்கு. ஏன்னா இந்த விவரம் எந்த சாஃப்ட்வேருக்கும் தெரியாது, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்குத் தெரியும்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டைட்டில் தேடி அலைகிறவர்களே, வெளியில் காசு கொடுத்து ரெடிமேட் ப்ராஜெக்ட் வாங்குவதற்குப் பதில் இதை எடுங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்கள் சர்வரைப் பார்த்துக்கட்டும், எம்.பி.ஏ. மக்கள் ஷெட்யூலைப் பார்த்துக்கட்டும். இன்டர்வியூவில் ‘நீங்க செய்த ப்ராஜெக்ட் பற்றிச் சொல்லுங்க’ என்றால், 60 பேர் பயன்படுத்தின, இடையில் படுத்து எழுந்த ஒரு நிஜமான சிஸ்டத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் தடுமாறாமல் பேசலாம். எதிரே உட்கார்ந்திருப்பவர் நாலாவது கேள்வி கேட்கும்போது வேர்க்காது.

ஆரம்பிக்க பவர்பாயிண்ட் எல்லாம் வேண்டாம். ஒரு ஏ4 தாள் போதும். கிளாஸில் எல்லோரிடமும் மூணு கேள்வி. போன் உன்னோடதா, வீட்டோடதா? வீட்டில் சிக்னல் எந்த நேரத்தில் நன்றாக இருக்கும்? படிக்க உனக்குக் கிடைக்கிற நேரம் எது? சத்தமாகக் கேட்காதீங்க, பெயர் எழுதாமல் மடித்துப் போடச் சொல்லுங்க. இல்லாதவன் கை தூக்க மாட்டான். முடிவை எண்ணி ஹெச்.ஓ.டி.யிடம் கொடுங்க. அப்படியே ஆபீஸில் நாமினல் ரோலுக்கு லெட்டரும் இப்பவே எழுதிக் கொடுத்துடுங்க. மூணு வாரம் ஆகும்னு சொன்னோம்ல!